ஜி.ஐ. ஜோ பொம்மை பெட்டிய பிரிக்கிறது எப்படி, பசங்களுக்கு எந்த வரிசைல காட்டுறது

முழு பரிச்சை லீவுக்கு அக்கா பையன் பாலக்கோடு வந்திருந்தான், மூணு நாள்ல போன் டேட்டா தீந்து போச்சு, சும்மா இருடான்னா இருக்க மாட்டேங்குறான், சரின்னு பரண் மேல இருந்த ட்ரங்கு பெட்டிய எறக்கி குடுத்தேன். உள்ள எல்லாம் என்னோட பழைய ஜி.ஐ. ஜோ பொம்மைங்க, அமெரிக்க ஹாஸ்ப்ரோ கம்பெனியோட பட்டாளத்தான் பொம்மைங்க. பாதி 90கள்ல ஃபன்ஸ்கூல்ங்குற பொம்மை கம்பெனி நம்ம இந்தியாலயே போட்டது, மீதி எங்க சித்தப்பா கொண்டு வந்தது, அவரு பெங்களூர்ல ஒரு வீட்டுல டிரைவரா இருந்தாரு, அந்த வீட்டு பசங்க அமெரிக்கால இருந்துட்டு வந்தவங்க, வெளையாடி சலிச்சதெல்லாம் ஒரு கட்டப்பை நெறய குடுத்து விட்டாங்க. அந்த பைல இருந்ததுதான் வில்லங்கமே.

பையன் மூணு பொம்மைய எடுத்து திண்ணைல வரிசையா நிக்க வச்சான். ஒன்னு ஹெல்மெட் போட்ட சாதா சிப்பாய். ஒன்னு தலைக்கு மேல பாம்பு படம் எடுத்த மாதிரி தங்க கலர் ராஜா. இன்னொன்னு உடம்பு பூரா பூச்சி ஓடு மாதிரி கவசம். "மாமா, இது மூணும் ஒரே கதையா?" ன்னான். ஆமாண்டா ன்னு சொல்லிட்டு நான் செஞ்ச தப்பு என்னன்னா, நேரா யூட்யூப்ல 1987ல வந்த ஜி.ஐ. ஜோ கார்ட்டூன் படத்த போட்டு விட்டேன். இருபது நிமிஷம் பாத்தான், அப்புறம் "இதுல ஆர்மி எங்க மாமா"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சு போய்ட்டான்.

அதனால இந்த பதிவு. உங்க வீட்லயும் இப்படி ஒரு பெட்டி இருந்தா, இல்ல ஓஎல்எக்ஸ்ல மொத்தமா வாங்கி வச்சிருந்தா, அத எப்படி பிரிக்கணும், கார்ட்டூன எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும், நடுவுல இந்த பாம்பு ராஜா எப்படி வந்தாரு, பசங்க கேட்டா என்ன சொல்லணும், எல்லாம் எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

முதல்ல பொம்மைய உக்காந்து பாக்குற நெலமைக்கு கொண்டு வாங்க. 80கள் 90கள் ஜோ பொம்மை கைக்கு அடக்கமா 3¾ இன்ச் தான் இருக்கும், வயித்துக்குள்ள ஒரு கருப்பு ரப்பர் ஓரிங் இருக்கு, மேல் உடம்பையும் ரெண்டு காலையும் அதுதான் இழுத்து புடிச்சிருக்கும். வருஷக்கணக்கா பரண் சூட்டுல கெடந்தா அது மொறுமொறுன்னு ஆகி, கைல எடுத்ததும் இடுப்பு தனியா கால் தனியா விழுந்துரும், பையன் பயந்துட்டான், ஒடைச்சிட்டேன் போலன்னு. ஒன்னும் ஆகல. முதுகுல ஒரு ஸ்க்ரூ இருக்கும், சின்ன ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவர் வச்சு மெதுவா கழட்டுங்க, மார்பு ரெண்டா பிரியும், பழைய ஓரிங்க தூக்கி போட்டுட்டு அதே சைஸ்ல புதுசு மாட்டி, கால் பக்கம் இருக்குற கொக்கில கோத்து மூடிருங்க. ஓரிங் எங்க கெடைக்கும்னா மோட்டார் ரிப்பேர் கடைல கேளுங்க, பொம்மைய கையோட எடுத்துட்டு போங்க, அளவு பாத்து குடுப்பாங்க. கடக்காரர் சிரிப்பாரு, சிரிக்கட்டும். கட்டை விரல்கிட்ட மட்டும் ஜாக்கிரதை, துப்பாக்கிய அழுத்தி திணிச்சீங்கன்னா விரல் பட்டுன்னு போய்டும், அதுக்கு மருந்தே கெடையாது.

இப்ப பிரிக்கிற வேலை. நான் கலர் வச்சு, நல்லவன் கெட்டவன் வச்செல்லாம் பிரிச்சு பாத்தேன், சரிப்படல. வழி காட்டினது எங்க பெரியப்பா. அவரு மிலிட்டரில இருந்து ரிட்டயர்டு ஆனவரு, சாயங்காலம் டீ குடிக்க வந்தவரு ஒரு பொம்மைய தூக்கி பாத்துட்டு, "இவன் என்ன ட்ரேடு?"ன்னாரு. மிலிட்டரில அப்படித்தான் கேப்பாங்களாம், டிரைவர் ட்ரேடு, கிளார்க் ட்ரேடு, குக் ட்ரேடு. நான் அசந்துட்டேன், ஏன்னா இந்த பொம்மையோட உயிரே அங்கதான் இருக்கு. அந்த காலத்து பாக்கெட் அட்டைக்கு பின்னாடி ஒரு சின்ன கார்டு அச்சடிச்சிருப்பாங்க, கத்தரிக்கோல்ல வெட்டி வச்சுக்கலாம், அதுல அவனோட சொந்த பேரு, பொறந்த ஊரு, ரேங்க்கு, முதல் ட்ரேடு என்ன ரெண்டாவது ட்ரேடு என்னன்னு எல்லாம் இருக்கும். அத பெரும்பாலும் எழுதினது லாரி ஹாமா, மார்வெல் காமிக்ஸ்காரர், அவரே அமெரிக்க ராணுவத்துல இருந்துட்டு வந்தவரு. அதனாலதான் அந்த கார்டுல ஒரு உண்மை வாசனை அடிக்கும்.

எங்க ஏரியா ஆளுங்களுக்கு இது புதுசு இல்லீங்க. தர்மபுரி டவுன்ல அகழ்வைப்பகம் இருக்கே, அங்க நடுகல்லு நெறய வச்சிருக்காங்க, போய் பாருங்க. எந்த ராஜாவோட எத்தனாவது வருஷம், எந்த ஊர் மாட்டு மந்தைய யாரு ஓட்டிட்டு போனா, யாரு மீட்க போய் செத்தான், அவன் யாரோட ஆளுன்னு கல்லுல வெட்டி வச்சிருப்பாங்க. நாலு வரில ஒரு வீரன். லாரி ஹாமா பண்ணதும் கிட்டத்தட்ட அதேதான், இவரு அட்டைல பண்ணாரு.

ஆக ஒவ்வொரு பொம்மையா எடுத்து "என்ன ட்ரேடு"ன்னு கேளுங்க. கார்டு இல்லைன்னாலும் உடுப்ப பாத்தே சொல்லிறலாம். ரேடியோக்காரன், டேங்க் ஓட்டுறவன், கண்ணிவெடி எடுக்குறவன், பனில சண்ட போடுறவன், டாக்டர், இவங்க எல்லாம் முதல் குவியல். முகமூடி போட்ட நிஞ்சா, வேஷம் மாத்துறவன், இரும்பு மொகம் வச்ச ஆயுத வியாபாரி, மனுசன்தான் ஆனா கொஞ்சம் ஓவர், இது ரெண்டாவது குவியல். மனுசனே இல்ல, இல்ல மனுசன்னு சந்தேகமா இருக்கு, அது மூணாவது. பெரும்பாலான அமெரிக்க பொம்மைல இடுப்புக்கு பின்னாடி வருஷம் பொறிச்சிருக்கும், பூதக்கண்ணாடி வச்சு பாத்து குவியலுக்குள்ள வருஷ வரிசைல வைங்க. வச்சு முடிச்சீங்கன்னா ஒரு விஷயம் கண்ணுல படும், 1982, 83 எல்லாம் முதல் குவியல்ல அள்ளும், 86க்கு அப்புறம் மெதுவா மூணாவது குவியல் வீங்க ஆரம்பிக்கும், 93, 94ல ஏலியனே வந்துருவான்.

இத பையனுக்கு புரிய வைக்க கொஞ்சம் பழைய கதை சொல்லணும், சுருக்கமா சொல்லிறேன். ஹாஸ்ப்ரோ கம்பெனி 1964ல முதல் ஜி.ஐ. ஜோ கொண்டு வந்தப்ப அது 12 இன்ச் பொம்மை, தரைப்படை, கப்பற்படை, விமானப்படை, மரைன் அவ்வளவுதான், சுத்தமான மிலிட்டரி. பசங்களுக்கு பொம்மைன்னு சொன்னா வாங்க மாட்டாங்கன்னு 'ஆக்‌ஷன் ஃபிகர்'ங்குற வார்த்தையே அப்பதான் பொழக்கத்துக்கு வந்துச்சு. அப்புறம் வியட்நாம் போர் மேல அமெரிக்கா ஜனங்களுக்கே வெறுப்பு வந்துருச்சு, பட்டாளத்தான் பொம்மைய வீட்டுக்குள்ள வாங்கி வைக்க அப்பா அம்மாவுக்கு மனசு வரல. 1970ல ஜோவ பட்டாளத்துல இருந்து ராஜினாமா பண்ண வச்சு சாகசக்காரனா மாத்திட்டாங்க, புதையல் தேடுறது, காட்டு மிருகம் புடிக்கிறது அந்த மாதிரி. 1975ல அணுசக்தி கை கால் வச்ச மைக் பவர்னு ஒருத்தன், 1976ல பறக்குற புல்லட்மேன், அவனோட சண்ட போட வேற கிரகத்துல இருந்து வந்த குள்ள முரட்டு ஆளுங்க. பெட்ரோல் வெலை ஏறி பிளாஸ்டிக்கும் ஏறிப்போக பொம்மையோட சைஸையும் கொறச்சாங்க, ஒன்னும் ஆகல, 70கள் முடியுறதுக்குள்ள கடைய சாத்தியாச்சு.

இங்க ஒன்ன கவனிங்க. நெறய பேரு ஏலியன் வந்ததால ஜோ செத்துச்சுன்னு சொல்வாங்க. எனக்கு அது தலைகீழா தெரியுது. விக்காம போகும்போதுதான் ஏலியன கூப்புடுறாங்க. ஊர்ல பழைய ஓட்டல்ல கூட்டம் கொறஞ்சதும் திடீர்னு தந்தூரி அடுப்பு வைப்பாங்களே அது மாதிரி.

1982ல திரும்ப தொறந்தாங்க. ஸ்டார் வார்ஸ் பொம்மைங்க சின்ன சைஸ்ல பிச்சுக்கிட்டு போனத பாத்து, ஜோவையும் அதே 3¾ இன்ச்சுக்கு கொண்டு வந்து, ஒரே ஒரு ஜோ இல்ல, ஆளுக்கொரு ட்ரேடோட ஒரு முழு டீம். எதிரி வேணுமேன்னு கோப்ராங்குற கூட்டத்த உருவாக்குனது மார்வெல் பக்கம், அங்க எடிட்டரா இருந்த ஆர்ச்சி குட்வின் குடுத்த யோசனை. முதல் வருஷ செட்ல ஒரு பொம்மைக்கு பெயிண்ட் செலவு மிச்சம் பண்ண தல முதல் கால் வரை வெறும் கருப்பு பிளாஸ்டிக்லயே விட்டாங்க, அவன்தான் ஸ்நேக் ஐஸ், பின்னாடி மொத்த கதைக்கும் ஹீரோ மாதிரி ஆனவன். மர்மம், வாய் பேசாதவன், நிஞ்சா எல்லாம் அந்த மிச்சம் புடிச்ச பெயிண்டுக்கு மேல லாரி ஹாமா கட்டுன வீடு. எனக்கு இதுல இருக்குற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல.

சரி இப்ப கார்ட்டூனுக்கு வரலாம். பசங்களுக்கு எதுல ஆரம்பிக்கணும்னா 1983ல வந்த அஞ்சு பாக தொடர். அதுல கோப்ரா கைல மாஸ் டிவைஸ்னு ஒரு மிஷின், பொருள ஆளுங்கள ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு கண்ணிமைக்குற நேரத்துல கடத்தும். மந்திரம்தான், மறுக்கல. ஆனா அது ஓட மூணு பொருள் வேணும், மூணும் உலகத்துல மூணு கஷ்டமான மூலைல இருக்கு, ரெண்டு கூட்டமும் அதுக்கு ஓடுது, அந்த ஓட்டத்துல ஒவ்வொருத்தனோட ட்ரேடும் வேலைக்கு வருது. 1984ல ரெண்டாவது அஞ்சு பாகம், வெதர் டாமினேட்டர், வானிலைய ஆட்டி வைக்கிற மிஷின், அது மூணா ஒடஞ்சு மூணு எடத்துல விழுந்துரும், திரும்பவும் ஓட்டம்.

பக்கத்துல உக்காந்து பையன்கிட்ட ஒன்னு கேளுங்க, "துப்பாக்கில இருந்து என்ன வருது?" குண்டு வராது, செவப்பு நீல லேசர் தான் வரும். பிளேன் வெடிச்சா கட்டாயம் ஒரு பாராசூட் விரியும். பசங்க டிவில சாவு காட்டக்கூடாதுன்னு இந்த ஏற்பாடு. அப்ப யோசிச்சு பாருங்க, முதல் நாள்லயே இது பாதி மாயாஜாலம்தான், பாம்பு ராஜா வந்துதான் கெடுத்தான்னு சொல்றது சரியில்ல. லேசர் வந்த எடத்துல ஏலியன் வர எவ்வளவு நேரம் ஆகும். மொத்தத்துல கார்ட்டூனே வந்தது பொம்மை விக்கத்தான், ஆரம்பத்துல பொம்மை விளம்பரத்துல முழுசா அனிமேஷன் போட கட்டுப்பாடு இருந்துச்சு, அதனால காமிக்ஸ் புத்தகத்துக்கு விளம்பரம் பண்ற மாதிரி டிவில அனிமேஷன் போட்டு பொம்மைய வித்தாங்க, கெட்டிக்காரனுங்க. அமெரிக்க அதிபர் ரீகன் காலத்துல விதிய தளர்த்தின பிறகு 1985ல தெனசரி தொடரே வந்துருச்சு. தெனம் ஒரு எபிசோடுன்னா கதைக்கு எங்க போறது? பேய், டைனோசர், எகிப்து சாமி, எதையும் விடல.

அந்த 1985 மூட்டைல நல்லதும் இருக்கு சொத்தையும் இருக்கு, பொறுக்கி காட்டணும். நான் காட்டுறது ரெண்டு. ஒன்னு 'வேர்ல்ட்ஸ் வித்தவுட் எண்ட்', ரெண்டு பாகம், சில ஜோ ஆளுங்க வேற ஒரு உலகத்துக்குள்ள விழுந்துருவாங்க, அங்க கோப்ரா ஜெயிச்சு உலகத்தயே ஆளுது, அவங்க கூட்டாளிங்க செத்து போயிருக்காங்க. லேசர் உலகத்துல சாவ காட்ட இதுதான் குறுக்கு வழின்னு எழுதினவங்களுக்கு தெரிஞ்சிருக்கு பாருங்க. கடைசில மூணு பேர் திரும்பி வராம அங்கயே தங்கிருவாங்க. பையன் அன்னைக்கு சோறு திங்கும்போது பேசவே இல்ல. இன்னொன்னு 'தேர்ஸ் நோ பிளேஸ் லைக் ஸ்பிரிங்ஃபீல்டு', மாலுமி ஷிப்ரெக் தூங்கி எந்திரிக்கிறான், ஆறு வருஷம் ஓடி போச்சு, பொண்டாட்டி புள்ளைன்னு குடும்பம் இருக்கு, அப்புறம்தான் எல்லாமே ஏமாத்து வேலைன்னு தெரியுது. சின்ன பசங்களுக்கு கொஞ்சம் பயமா இருக்கும், எட்டு வயசுக்கு கீழன்னா தள்ளி வைங்க.

இது ரெண்டும் பேன்டஸி தானே, இதுக்கு மட்டும் ஏன் சலுகைன்னு கேப்பீங்க. எங்க ஊர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடக்கும், பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி பூரா கூத்து, கடைசி நாள் மண்ணுல துரியோதனன் படுத்திருப்பான், படுகளம். அது முழுக்க சண்ட கதைதான், முழுக்க மாயமும்தான், யாரும் விடியுற வரைக்கும் எந்திரிச்சு போறதில்ல. ஏன்? கர்ணன்கிட்ட நாகாஸ்திரம் இருக்கு, ஆனா குந்தி வந்து வரம் வாங்கிட்டு போயிர்றா, ஒரு தடவைக்கு மேல விடக்கூடாதுன்னு. எல்லாருக்கும் தெரியும் அது ஒன்னுதான் இருக்குன்னு. அதான் விடும்போது திடல்ல ஒரு சத்தம் இருக்காது. மாயத்துக்கு ஒரு கணக்கு, ஒரு வெலை. மாஸ் டிவைஸுக்கு மூணு பொருள் வேணும்னு சொன்னாங்களே, அது கணக்கு. வேற உலகத்துல மூணு பேர விட்டுட்டு வந்தாங்களே, அது வெலை.

நடுகல்லுலயும் பாருங்களேன், சில கல்லு அடுக்கு அடுக்கா இருக்கும். கீழ் அடுக்குல வீரன் வில்லும் வாளுமா சண்ட போடுவான், மேல தேவ கன்னிங்க அவன தூக்கிட்டு போவாங்க, அதுக்கும் மேல சாமிகிட்ட உக்காந்திருப்பான். மேல சொர்க்கம் இருக்குறதுல ஒரு பிரச்சினையும் இல்ல. கீழ் அடுக்க வெட்டாம விட்டா அப்புறம் அது யாரோட கல்லு?

இதுக்கு நடுவுல ஒரு நாள் கார்ட்டூன நிறுத்திட்டு, லாரி ஹாமா எழுதி மார்வெல் போட்ட ஜி.ஐ. ஜோ காமிக்ஸோட 21வது இதழ காட்டுங்க, 1984ல வந்தது. அதுல வசனமே கெடையாது, ஒரு பலூன் கூட இல்ல, அதனால இங்கிலீஷ் தெரியணும்னு அவசியம் இல்ல, எங்க அம்மாவே முழுசா புரட்டிட்டு "அந்த கருப்பு சட்டக்காரனும் வெள்ள சட்டக்காரனும் ஒரே கைல ஒரே பச்ச குத்தியிருக்காங்களே, பங்காளிங்களா?"ன்னு கேட்டாங்க. கண்டுபுடிச்சிட்டாங்க. நிஞ்சா கதை அங்கதான் சூடு புடிக்குது. அதுவும் பேன்டஸிதான் ஒரு வகைல, ஆனா அந்த காமிக்ஸ் 155 இதழ் வரைக்கும் 1994 வரைக்கும் ஓடினதுக்கு காரணம் உள்ள இருக்குற ஆளுங்க மனுசங்களா இருந்ததுதான்.

இப்ப வில்லங்கத்துக்கு வரேன். 1986, 'அரைஸ், செர்பென்டார், அரைஸ்', அஞ்சு பாகம். கோப்ரா கூட்டத்தோட தலைவன் கோப்ரா கமாண்டர் தோத்துக்கிட்டே இருக்கான், சலிச்சு போன கூட்டாளிங்க புதுசா ஒரு தலைவன சமைக்கிறாங்க, நெசமாவே சமைக்கிறாங்க, ஜூலியஸ் சீசர், நெப்போலியன், செங்கிஸ்கான்னு பழைய சக்கரவர்த்திங்க கல்லறைய தோண்டி டிஎன்ஏ எடுத்து கலந்து செர்பென்டார்னு ஒருத்தன். திண்ணைல நின்ன அந்த தங்க கலர் ராஜா இவன்தான். நான் இந்த அஞ்சு பாகத்த முழுசா வெறுக்கல. கல்லறை திருடுறது ஓட்டம், தடுக்குறது ஓட்டம், கணக்கு இருக்கு. ஆனா இவன் வந்த பிறகு வில்லன் பக்கம் ட்ரேடுங்குற பேச்சு போச்சு. பெரியப்பாகிட்ட இவன காட்டினேன், என்ன ட்ரேடுன்னாரு, சக்கரவர்த்தின்னேன், "அது ட்ரேடு இல்ல, பென்ஷன் வராது"ன்னு டம்ளர வச்சிட்டு போய்ட்டாரு.

1987 படம் கடைசில காட்டுங்க, கடைசிலதான். இமயமலைல கோப்ரா-லான்னு 40,000 வருஷ பழைய நாகரிகமாம், மனுசங்களுக்கு முன்னாடியே இருந்தவங்களாம், அவங்க மிஷின் எல்லாம் உயிரோட இருக்குற பூச்சி, கொடி, நத்தை. தலைவன் கோலோபுலஸ், இடுப்புக்கு கீழ பாம்பு. வித்துக்கள தூவி மொத்த மனுச குலத்தையும் மிருகமா மாத்த பாக்குறான். தொறக்கறப்ப வர்ற டைட்டில் சண்ட மட்டும் இன்னைக்கும் பாத்தா புல்லரிக்கும், சுதந்திர தேவி சிலைகிட்ட நடக்குறது, அத தனியா ரெண்டு தடவை போட்டேன். அப்புறம் படம் அங்க இருந்து எறங்குது. கோப்ரா கமாண்டர் யாருன்னா, அவனும் கோப்ரா-லா ஆளுதானாம், நடுப்படத்துல நெசமான பாம்பாவே மாறிருவான்.

இத காமிக்ஸோட பக்கத்துல வச்சு பாருங்க, அப்பதான் என்ன போச்சுன்னு தெரியும். லாரி ஹாமா காமிக்ஸ்ல கோப்ரா கமாண்டர் ஒரு பழைய கார் விக்கிறவன். அவ்வளவுதான். வாழ்க்கைல அடிபட்டு அரசாங்கத்து மேல கடுப்பாகி, சங்கிலி திட்டம் மாதிரி ஆள் சேத்து பணம் சேத்து ஒரு படையே கட்டினவன். நம்மூர்ல ஈமு கோழி, நிலம், சீட்டுன்னு ஆள் சேத்தவங்கள பாத்தவங்களுக்கு இது எவ்வளவு பயமா இருக்கும் சொல்லுங்க. பக்கத்து தெருக்காரன் மாதிரி ஒரு வில்லன். அவன தூக்கிட்டு 40,000 வருஷ பாம்பு ஜாதின்னு சொன்னா, பயம் போய் வேடிக்கை ஆகிடுது. ராணுவம் எதுக்கு அப்ப, பாம்பாட்டி போதும்.

படம் தியேட்டருக்குன்னு எடுத்தது, 1986ல அதே கம்பெனியோட ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் படமும் மை லிட்டில் போனி படமும் வசூல் ஆகாததால இத வீடியோ கேசட்டுலயும் டிவிலயும் விட்டுட்டாங்க. ஜோ டீம முன்ன நின்னு நடத்துற டியூக்க சாகடிக்கிறதா இருந்தாங்க, ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்துல ஹீரோ ரோபோ ஆப்டிமஸ் பிரைம் செத்ததுக்கு பசங்க அழுத அழுகைய பாத்து, கோமான்னு ஒரு வசனத்த சொருகி காப்பாத்திட்டாங்க. காட்டும்போது இந்த எடத்துல நிறுத்தி பையன்கிட்ட கேட்டேன், செத்தானா இல்லையாடான்னு. "செத்துட்டான் மாமா, சும்மா சொல்றாங்க"ன்னான். வரைஞ்சது சாவுதான், பேசினது கோமா, சின்ன பையனுக்கே தெரியுது.

அதுக்கப்புறம் வந்தத எல்லாம் வேகமா தாண்டிறலாம். 1991ல கழிவு ரசாயனத்தோட சண்ட போடுற இகோ வாரியர்ஸ், அப்புறம் நிஞ்சா ஃபோர்ஸ், 1993ல ராட்சச பொம்மைங்க, விண்வெளி ஸ்டார் பிரிகேட், அதுக்கு எதிரியா 1994ல லூனார்டிக்ஸ்னு நெசமான ஏலியன், அந்த வருஷத்தோட அந்த பொம்மை வரிசை நின்னு போச்சு. 70கள்ல நடந்த அதே கதை, அதே கிளைமாக்ஸ். உங்க பெட்டில இருந்து பளபளன்னு ஆரஞ்சு, ரோஸ், பச்சை கலர்ல எதாவது வந்துச்சுன்னா பெரும்பாலும் இந்த காலம்தான். ஆனா ஃபன்ஸ்கூல் போட்டதுல கலர வச்சு காலம் சொல்லாதீங்க, நம்மாளுங்க அச்சு அங்க இருந்து வாங்கி கலர இஷ்டத்துக்கு போட்டிருப்பாங்க, அதனாலயே வெளிநாட்டு கலெக்டருங்க அத தேடி வாங்குறாங்க. எதையும் எடைக்கு போடாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வைங்க, முக்கியம்.

சினிமா படங்கள்ல 2009ல வந்தது உலோகத்த தின்னுற நுண்ணிய ரோபோ, ஈபிள் டவரையே சாய்க்கும், அத மாஸ் டிவைஸ் வகைல சேக்கலாம், ஒரு தடவை பாக்கலாம். 2021 ஸ்நேக் ஐஸ் படத்துல ராட்சச பாம்பும் நெருப்பு கக்குற கல்லும் வருது, பெயிண்ட் மிச்சம் பண்ண பொம்மைக்கு இவ்வளவு தேவையான்னு தோணுச்சு. பெரியவங்களுக்கு தனியா பாக்கணும்னா 2009ல வந்த 'ரெசல்யூட்' கார்ட்டூன் இருக்கு, அதுல குண்டுதான், சாவும் சாவுதான், பசங்க தூங்கின பிறகு பாருங்க.

வரிசைய ஒரு தடவை போட்டு பாத்துட்டீங்கன்னா கடைசியா ஒரு வேலை வைங்க பசங்களுக்கு, இதுதான் எங்க வீட்ல நல்லா ஒர்க் அவுட் ஆச்சு. பழைய கல்யாண பத்திரிக்கை அட்டைங்கள வெட்டி குடுத்து, ஒவ்வொரு பொம்மைக்கும் தமிழ்ல கார்டு எழுத சொல்லுங்க. பேரு, ஊரு, ட்ரேடு, ரெண்டு வரி குணம். கூகுள் பாக்கக்கூடாது. கார்டு எழுத வராத பொம்மை எதுன்னு அவங்களுக்கே தெரியும், அங்க உக்காந்து யோசிப்பாங்க. சாதா சிப்பாய்க்கு பையன் அஞ்சு நிமிஷத்துல எழுதிட்டான், காரிமங்கலம், டிராக்டர் மெக்கானிக், ரெண்டாவது ட்ரேடு சமையல், களி நல்லா கிண்டுவான்னு. செர்பென்டாருக்கு ரெண்டு நாள் ஆச்சு, கூத்துல துரியோதனன் வேஷம் கட்டுறவர், வேஷத்த கழட்ட மறந்துட்டார்னு எழுதினான், நான் அத ஃபிரேம் போடலாம்னு இருக்கேன்.

பூச்சி ஓடு போட்ட அந்த கோப்ரா-லா ஆளு மட்டும் திண்ணைலயே நின்னான். பொம்மையோட நெசமான பேரே ராயல் கார்டு, அரண்மனை காவலாளி. ஊருக்கு கெளம்புற அன்னைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அக்கா கத்திட்டு இருக்கும்போது அவசர அவசரமா கிறுக்கி பொம்மைக்கு அடில வச்சிட்டு போயிருக்கான். பேரு: தெரியாது. ஊரு: இமயமலை. ட்ரேடு: வாட்ச்மேன், நைட் ஷிஃப்ட், ஹோசூர் சிப்காட்.